கத்தரி தொடாத நெசவன்

பருத்திக் காடுகளின்மேல் படர்ந்திருந்த பனியை இளங்கதிர் மெல்ல உலர்த்த, கோவையிலிருந்து வந்த பேருந்து புழுதியை வாரியிறைத்துச் செல்ல, தெருவெங்கும் தறியோசை எழுந்து பரவ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டின் தைத்திங்கட் காலைப்பொழுது சூலூரில் விழித்துக்கொண்டது. அவ்வேளையில், கற்றறிந்த நண்பரே, வெங்கடபதியாரின் தறிக்கூடத்து வாயிலில் வேலை கேட்டு நின்றிருந்தான் கண்ணையா.

தாராபுரத்து உழவனாகிய அவன், வாய்க்கால் நீருக்காக மூண்ட சண்டையில் பங்காளியை மண்வெட்டியால் அடித்துக் கொன்று, ஏழாண்டு கோவைச் சிறையில் கிடந்து, ஏர் பிடித்த கைகளால் நெய்யக் கற்று, வெளியே வந்து இருபது நாளே ஆகியிருந்தன. சிறையில் தந்த நெசவுச் சான்றிதழைக் கண்டதுமே மூன்று தறிக்கூடத்தார் அவனைத் துரத்திவிட்டனர். ஆதலால் இங்கே அதனை மடியிலேயே மறைத்துக்கொண்டான். இவ்விடமும் கைவிட்டால், அவனும் மனைவி பத்மாவதியும் அவள் அண்ணன் வீட்டுச் சோற்றுக்கே கையேந்தி நிற்க வேண்டியதுதான்.

"ஒரு முழம் நெய்து காட்டுங்க, பாக்கலாம்" என்றார் மேற்பார்வையாளர் நஞ்சப்பன்.

கண்ணையா தறியில் அமர்ந்து நெய்யத் தொடங்கிய சிறிது நேரத்தில் பாவிழை ஒன்று அறுந்தது. அடுத்த தறிக்காரர் நீட்டிய கத்தரிக்கோலை அவன் ஏறிட்டும் பாராமல், இழைகளை முடிந்து, எஞ்சிய நுனியை நகங்களுக்கிடையே முறுக்கிக் கிள்ளி எறிந்தான். அந்தோ! எதை மறைக்க வந்தானோ அதை அவன் விரல்களே சொல்லிவிட்டன. சிறைத்தறிகளில் கூரிய கருவி எதுவும் சிறையாளர் கைக்கு வாராது. நகமே அவர்களுக்குக் கத்தரி. சிறைக்கு நூல் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய நஞ்சப்பன் அதை அறிந்திருந்தார்.

"ஏனுங்க, இது ஜெயில்ல பழகினதுங்களா?"

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் தப்பிவிடலாம். கண்ணையா எழுந்து நின்றான்.

"ஆமாங்க. ஏழு வருசமுங்க. தண்ணிச் சண்டையில பங்காளியைக் கொன்னுபோட்டேனுங்க. பொய் சொல்லிப்போட்டு இந்தத் தறியில உக்கார மனசு வரலீங்க" என்றவன், மடியிலிருந்த சான்றிதழை எடுத்துத் துணியின்மேல் வைத்தான்.

அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்த வெங்கடபதியார் வந்தார். சான்றிதழை ஒதுக்கிவிட்டுத் துணியை உள்ளங்கையால் நீவினார்.

"நஞ்சப்பா, முடிச்சு எங்கன்னு காட்டு."

நஞ்சப்பன் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், வெயிலை மறைத்து நின்றவர்களை விலக்கிவிட்டும் பார்த்தார்.

"தெரியலீங்க" என்றார், வியப்பை மறைக்க மாட்டாமல்.

"முடிச்சு கையில தட்டுதுன்னு நம்ம துணி எத்தனை திரும்பி வந்திருக்குது! கண்ணையா, இன்னைக்கே இந்தத் தறியில வேலையை ஆரம்பிச்சுப்போடுங்க. ஏனுங்க, இப்படி நெய்யறவங்க அங்க இன்னும் எத்தனை பேரு இருக்கறாங்க?"

கண்ணையாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. "நாப்பத்திரண்டு பேருங்க" என்றவன், தலைநிமிர்ந்து அவர்தம் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். தறிக்கூடமே நின்று கேட்டது.

மாண்ட பங்காளி மீளான். அப்பழியும் கண்ணையாவை விட்டு அகலாது. ஆயினும், வேண்டாம் என்று ஊர் துரத்திய ஒருவனிடம், உன்போல் இன்னும் எத்தனை பேர் உளர் என்று அதே ஊர் கேட்கும் நாளன்றோ, அவன் சிறையினின்றும் மெய்யாகவே வெளிவரும் நாள்!