தொண்ணூறாம் எண் குழாய்

மூன்று மாதமாகவே மாடிப்படி ஏறினால் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருட வேலை. எத்தனையோ பேருடைய தலையெழுத்து காகிதமாக வந்து விழுவதைப் பார்த்தவள். அதனாலேயே தன்னுடையதைப் பார்க்கப் பயந்தாள்.

அன்று காலை சின்னவளுக்குத் தலை பின்னும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உன் உதடு ஏன் வெள்ளையா இருக்கு?"

"பவுடர் பட்டிருக்கும்டி. ஆடாம நில்லு."

பஸ் ஏறி வேலைக்கு வந்தும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. பதினொரு மணிக்கு, உடன் வேலை பார்ப்பவள் டீ குடிக்கப் போனாள். இவள் கதவைச் சாத்தினாள். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் கையிலேயே ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தாள். அதுவரை வந்தவர்கள் எண்பத்தொன்பது பேர். குழாயில் தொண்ணூறு என்று மட்டும் எழுதினாள். ரத்தம் நீர்த்துப்போய், வெளிறித் தெரிந்தது.

ஒரு நிமிடத்தில் இயந்திரம் கூவியது. ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டு. காகிதத்தில் அதற்குக் கீழே இருந்த எண்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். போன மாதம் கைக்குழந்தையோடு ஒருத்தி இதே களைப்பைச் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டியிருந்தது; ரத்தப் புற்று. அவள் திரும்ப வரவேயில்லை. இவள் காகிதத்தைக் கசக்கிக் கோட்டுப் பையில் திணித்தாள்.

ஆனால் ஆபத்தான அளவென்றால் அது பெரிய டாக்டரின் கணினித் திரைக்கும் போய்விடும். பரபரப்பில் அதை மறந்திருந்தாள். உரத்த குரலுக்காக முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'மைக்' என்று கூப்பிடும் அந்த அம்மாள், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தொண்ணூறு யாரு? ஆளை எங்க விட்ட? இந்த ரத்தத்தோட நடமாடுறதே அதிசயம்!"

"போயிட்டாங்க மேடம்."

"போன் போடு. வழியில விழுந்து வைக்கப் போறாங்க. போடு, நான் நிக்கிறேன்."

ரிசீவரை எடுத்தாள். எந்த எண்ணும் நினைவுக்கு வரவில்லை. விரல் தானாக எதையோ அழுத்தியது.

அவள் கோட்டுப் பைக்குள் செல்போன் மணியடித்தது.

டாக்டர் பையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அந்தக் குரல் அடங்கி யாரும் கேட்டதில்லை.

"நீயா?"

அவள் கசங்கிய காகிதத்தை நீட்டினாள். "வெள்ளை அணுவை நீங்களே பாருங்க மேடம். என்னால முடியல."

டாக்டர் படித்து முடிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அது சரியாத்தான் இருக்கு. ரத்தம்தான் காலி. மாசாமாசம் அதிகமா போகுதா?"

"ஆறு மாசமா."

"வீட்டுல சொன்னியா?"

"இல்ல மேடம்."

மதியம் யாரோ கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது கணவன் வந்து கட்டில் ஓரம் நின்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப சொல்ல? நீங்க கிளம்பும்போது நான் அடுப்படியில. வரும்போது தூங்கி வழியிறேன்."

அவன் சொட்டிக்கொண்டிருந்த ரத்தப் பையைப் பார்த்தான். "சின்னவ ஸ்கூல்ல எந்த கேட் வழியா வெளிய வருவா?" என்று கேட்டான். சொன்னாள். நாலு வருடமாகச் சின்னவள் படிக்கும் பள்ளிக்கூடம்; அவன் ஒருநாளும் அழைத்துவரப் போனதில்லை.

"நாளைக்கு ஸ்கேன் எடுக்கணுமாம்," என்றாள். "உள்ள கட்டி ஏதாவது இருக்கான்னு பாக்க. எனக்குப் பயமா இருக்குங்க."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும்தான்," என்றான்.