கால் படாத பலகை

1

“ஏம்மா, நீ செஞ்ச பலகைய நீயே ஒரு தடவையாவது மிதிச்சுப் பாத்தியா?”

சீனிச்சாமி அண்ணன் என்னிடம் கேட்டது இது. நான் பதில் சொல்லவில்லை. யார் எது கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கும்போது ‘உள்ளேன் அம்மா’ என்ற இரண்டு வார்த்தை தொண்டையைத் தாண்டாது. டீச்சருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் வருகைப் பதிவில் நான் வராதவள். அப்படியே ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனேன்.

ஆனால் இந்தக் கேள்வி மட்டும் உள்ளேயே கிடந்து உறுத்துகிறது. வாயால் முடியாததைக் கையால் சொல்கிறேன். அதுதான் இந்தக் கதை. அதாவது, கதையாக வந்தால்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல

நிறுத்திவிட்டேன். ராஜபாளையத்தில் எங்கள் கடை ஜன்னலிலிருந்து மலை தெரியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. [கதைதானே, தொட்டியை எடுத்துவிடலாம். ஆனால் எதிர்வீட்டுக்காரர்கள் குடிக்க என்ன செய்வார்கள்?]

அடுத்து:

‘1992ஆம் ஆண்டு இசையுலகில் ஒரு

இதுவும் வேண்டாம். ஆண்டு சரிதான். இசையுலகுக்குத்தான் தகவல் போகவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மாரிச்சாமி மைக்செட், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு நடுவில் ஒரு துணித் திரை. திரைக்கு முன்னால் அவன் பேசுவான். திரைக்குப் பின்னால் நான் ஈயம் உருக்கி ஒயர் ஒட்டுவேன், சால்டரிங். சீனிச்சாமி அண்ணன் பகலில் மில் வேலைக்குப் போகிறவர். விசேஷ நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் லைட் மியூசிக் குழுவில் கிதார் வாசிப்பார். பேச ஆரம்பித்தால் கரண்டு போனால்தான் நிறுத்துவார். [கரண்டு போனாலும் நிறுத்தமாட்டார். இருட்டில் அவர்மேல் மோதாமல் நடக்க அதுதான் உதவி.]

அவரிடம் மூன்று பெடல்கள் இருந்தன. பெடல் என்றால் சோப்பு டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி. கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கிடக்கும். காலால் அமுக்கினால் சத்தம் மாறும். ஒன்று எக்கோ கொடுக்கும். ஒன்று சத்தத்தைக் கரகரவென்று கிழிக்கும். மூன்றாவது, ஒரு கிதாரை நாலு கிதாராக்கும். மேடையில் மூன்றும் திசைக்கு ஒன்றாக நகர்ந்துவிடும், ஒயர் கழன்றுவிடும். பாட்டுக்குப் பாட்டு குனிந்து தேடவேண்டும்.

“நான் செருப்பத் தொலச்சிட்டேன்னு சனம் நெனைக்கி, மாரி. போன தடவ ஒரு பெரியவரு மேடைல ஏறி, ‘என்ன கலரு தம்பி?’ன்னு கேக்காரு. மூணையும் ஒரே பலகைல பூட்டிக் குடு. உள்ள ஒரு ஒயரு, வெளிய ஒரு ஒயரு. அம்புட்டுத்தான்.”

“குடுத்திருவோம்ணே,” என்றான் அண்ணன், எப்படி என்று தெரியாமல்.

3

நான் செய்தேன். பார்சல் பெட்டிப் பலகை. வழுக்காமலிருக்க அடியில் சைக்கிள் டியூப். மூன்று பேட்டரிக்குப் பதில் கரண்டில் ஓடும் ஒரே எலிமினேட்டர். அது கொசுபோல் இரைந்தது. கிதார் ஒயரை அதைவிட்டுத் தள்ளி இழுத்ததும் அடங்கியது. பெடல்களுக்குள்ளிருந்த சுவிட்சுகளைக் கழற்றிப் பலகையின் முன் ஓரத்தில் வரிசையாகப் பதித்தேன். ரேடியோவை ஒரு முனையில் கொடுத்து, மறு முனையில் ஆம்ப்ளிபயரை வைத்துச் சோதித்தேன். செய்தி வாசிக்கிறவர் ஒரு சுவிட்சில் கிணற்றுக்குள் போனார். இன்னொரு சுவிட்சில் அவருக்குத் தொண்டை கட்டியது.

எல்லாவற்றையும் கட்டைவிரலால் அமுக்கித்தான் சோதித்தேன்.*

*எங்கள் வீட்டில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டியவை: புத்தகம், நெல், தாளம், மேளம், ரேடியோ. பாட்டு வருகிற எதன்மேலும் கால் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் ஆர்மோனியக் கட்டைபோல் சுவிட்சுகளை நெருக்கமாக வைத்தேன். கையை நகர்த்தாமலே மூன்றும் எட்டின. அதில் எனக்குப் பெருமை வேறு.

4

இந்தப் பகுதியில் நான் இல்லை. மைக்செட் போடப் போன அண்ணன் வந்து சொன்னது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காதுகுத்து. குத்திய பிள்ளை அழுது ஓய்ந்திருந்தது. குழு தாலாட்டு ஆரம்பித்தது. லேசாக எக்கோ வேண்டும் என்று சீனிச்சாமி அண்ணன் ஒரு சுவிட்சை மிதித்தார். அவர் காலுக்கு இரண்டு அமுங்கின, பக்கத்திலிருந்த கரகரவும் சேர்ந்து. தாலாட்டு மில் சங்காக மாறியது. எக்கோவும் சேர்ந்ததால் ஒரே சங்கு மூன்று மில்லில் ஊதியதுபோல் கேட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து டிபன் கேரியரைத் தேடினார்கள். [எழுந்தது உண்மை. கேரியர் நான் சேர்த்தது.] பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்தது.

குழுத் தலைவர் கண்ணுச்சாமி அங்கேயே சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவ சங்கு ஊதுச்சுன்னா கிதாரே வேண்டாம்டே. கீபோர்டு போதும், அதுல எல்லாச் சத்தமும் வருது. ஞாயித்துக்கிழம ரிசப்சன்தான் ஒனக்குக் கடைசிச் சான்ஸு.”

மறுநாள் காலையில் பலகை எங்கள் மேசைமேல் வந்து விழுந்தது. சீனிச்சாமி அண்ணன் திரையை விலக்கி, என்னிடமே கேட்டார், முதல் வரியில் உள்ள கேள்வியை.

“மிதிச்சிருப்பாண்ணே,” என்றான் மாரிச்சாமி.

“ஒன்ட்ட கேட்டனா, லே? அவ சொல்லட்டும்.”

காத்திருந்தார். எனக்கு முன்னால் நின்று என் பதிலுக்காக அவ்வளவு நேரம் யாரும் காத்திருந்ததில்லை. நான் சால்டரிங் இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, சரிபண்ணி வையி. வெள்ளிக்கெழம சாயங்காலம் வாரேன்,” என்று கடைசியில் சொல்லிவிட்டுப் போனார்.

“ஏட்டி,” என்றான் அண்ணன், “இதுவும் வெளங்கலன்னா இனிமே பெடல் வேலையே வேண்டாம். பலகையத் தண்ணித் தொட்டிக்கு மூடியாப் போட்டுருவோம்.”

5

இந்த இடத்தில் கதாநாயகியை மாற்றிப் பார்த்தேன். வெள்ளத்தாய் என்று பெயர் வைத்தேன். வெள்ளத்தாய் வாய்க்காரி. “மிதிக்கலண்ணே, அதுக்கென்ன இப்ப? ஒங்க காலு என்ன காலா, சப்பாத்திக் கட்டையா?” என்று கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்குச் சால்டரிங் தெரியவில்லை. பேசிக்கொண்டே எலிமினேட்டரைப் புகையவிட்டாள். அவளைச் சுந்தரபாண்டியம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டேன். ஜன்னல் வழியாகவும் ஏதோ சொல்லிக்கொண்டேதான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவது: பலகை அருமையாக வேலை செய்கிறது. கண்ணுச்சாமி, “யாருடே செஞ்சது?” என்கிறார். சனம் மொத்தமும் என் பக்கம் திரும்பி [இதற்குமேல் எழுத முடியவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள்.]

இரண்டாவது: மேடையில் அவர் காலடியில் நான் உட்கார்ந்து கையாலேயே சுவிட்சை அமுக்குகிறேன். இது முதலாவதைவிட மோசம்.

மூன்றாவது: சங்கு ஊதுகிறது. சீனிச்சாமி அண்ணன் கிதாரை உறையில் போட்டு

அழித்துவிட்டேன். அழித்த வேகத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வாசகரே. உங்களுக்குப் பிடித்த மாதிரி வாசிக்கச் சொல்லுங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை போதும்.

6

வெள்ளிக்கிழமை. அண்ணன் ஒயர் வாங்கப் போயிருந்தான். சுவிட்சுகளைத் தள்ளித் தள்ளிப் பதிக்கவேண்டும். எவ்வளவு தள்ளி? ரொம்பத் தள்ளினால் பலகை போதாது. அவர் கால் அளவு வேண்டும். அளவு வேண்டுமானால் கேட்கவேண்டும். கேட்கவேண்டுமானால்

சரி, என் காலாவது இருக்கிறதே என்று பலகையைத் தரையில் வைத்தேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வலது காலைத் தூக்கினேன். அது இறங்க மறுத்து, கொக்கின் காலைப்போல் அப்படியே நின்றது. “கோவிச்சுக்கிடாத,” என்று பலகையிடம் சொன்னேன். [பலகையிடம் எனக்குப் பேச்சு வரும்.] பிறகு வைத்தேன். சாக்பீஸால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி. எக்கோவை மிதித்தேன்.

“கத்தரியில் தண்டுப் புழு... புழு... புழு...”

நன்றாகத்தான் இருந்தது. இரண்டு காலையும் வைத்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மிதித்துப் பார்த்தேன். புழு கரகரத்தது, நாலு புழுவானது, கிணற்றுக்குள் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகத்தான் சிரித்திருக்கவேண்டும்.

நிமிர்ந்தால் திரையைப் பிடித்தபடி சீனிச்சாமி அண்ணன். ஒத்திகைக்குப் போகிற வழி. காலில் மேடைக்குப் போடும் குழுவின் வெள்ளை ஷூ.

பாவாடையைக் கீழே விட்டேன். ரேடியோதான் இன்னும் மருந்தடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் என் காலைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, நான் ஒதுங்கியதும், தன் காலை அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் கால் வெளியே நின்றது. வாயைத் திறந்தார். இதோ வருகிறது என்று நினைத்தேன். மூடிக்கொண்டார்.

ஸ்டூலில் உட்கார்ந்து வலது ஷூவின் நாடாவை அவிழ்த்தார். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஷூவை என் கோட்டின்மேல் நேராக வைத்தார். எழுந்தார். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக, ஒரு வார்த்தை பேசாமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போனார்.