ஸ்ட்ரெச்சர் முதல்ல

சட்டமன்றத்துக்குப் புதிதாகத் தேர்வான அக்கா, உறுப்பினர் கையேட்டுக்கான படிவத்தை வாசித்தாள். ‘முந்தைய தொழில்’ என்ற இடத்தில் ‘சமூக சேவை’ என்று தம்பி நிரப்பியிருந்தது அவளை உறுத்தியது.

“பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டினேன். சாமி குடுத்த வேலைய மறைக்கலாமாடா?”

“அதைப் போட்டா ‘மேலயா, கீழயா’ன்னு சபையில நக்கலடிப்பாங்கக்கா. பேசாம கையெழுத்துப் போடு.”

நாலு பேர் சிரிப்பார்களே என்று அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தபோது மனு கொடுக்க வந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள். முண்டியடித்த பெரிய மனிதர்களுக்குப் பின்னால், எக்ஸ்ரே உறையை அணைத்தபடி ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது. அவளையறியாமல் அவள் கை உயர்ந்தது.

“ஓரமா ஒதுங்குங்க! ஸ்ட்ரெச்சர் முதல்ல!”

அங்கே ஸ்ட்ரெச்சர் ஏது? அறையே கொல்லென்று சிரித்தது. ஆனாலும் லிஃப்ட் வாசலில் பதினெட்டு வருஷம் பழகிய அந்த அதட்டலுக்கு எல்லாரும் ஒதுங்கினார்கள். முதலில் நின்ற ஒப்பந்தக்காரர் தனக்கென்று பிடித்த நாற்காலியையே அவருக்கு இழுத்துப் போட்டார்.

நோயாளி தண்ணீர் குடித்து மூச்சுவாங்கி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு மருத்துவமனைக்குத் தானே போன் செய்து, அவருக்கு ஒரு படுக்கை கேட்டு வாங்கினாள்.

எல்லாரும் போனதும் ‘சமூக சேவை’யை அடித்துவிட்டு, ‘மருத்துவமனை லிஃப்ட் ஆபரேட்டர்’ என்று எழுதினாள்.

“சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும்டா. இப்பதான் பாத்தியே, சிரிச்சுக்கிட்டே வழியும் விடுறாங்க.”