களத்தில் சொல்லாத சொல்

“உனக்கு ஓம் எண்டதைத் தவிர வேறை ஒரு சொல்லும் வாயிலை வராதோ?”

இலட்சுமி மச்சாள் இப்படிக் கேட்டபோதும் இராசமலரின் வாயில் வந்தது ‘ஓம்’தான். கேட்டவள் சிரித்துவிட்டாள். சொன்னவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியை விட்டு ஓடியே போனாள்.

கேள்வி சும்மா வந்ததல்ல. அன்று காலை பக்கத்துக் காணிக்காரி வந்து சுளகு இரவல் கேட்டாள். இராசமலர் அந்த நேரம் அதே சுளகில்தான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ‘ஓம்’ என்று அரிசியைப் பாயில் கொட்டிச் சுளகைத் தட்டித் துடைத்துக் கொடுத்துவிட்டு, மிச்ச அரிசியைச் சோற்றுத் தட்டத்தில் போட்டுப் புடைக்கத் தொடங்கினாள். அண்ணன் தவராசாவின் பெண்சாதியான இலட்சுமி அதைக் கண்டுவிட்டாள்.

வன்னியின் முரசுமோட்டைக் குடியேற்றத்தில் அப்புத்துரையின் மகளுடைய ‘ஓம்’ எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் விளங்கினதோ என்று கேட்பார், ஓம் என்பாள். அப்படியென்றால் எழும்பிச் சொல்லு என்பார். அதற்கும் ஓம் என்றுவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பாள். தாய் செத்த வருசம் ஐந்தாம் வகுப்போடு மறித்தார்கள். இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம்தானே என்று தகப்பன் கேட்டபோது அவள் சொன்னதும் அதுதான். மற்றச் சொற்கள் அவளிடம் இல்லாமல் இல்லை. மாட்டன், வேண்டாம், ஏலாது எல்லாம் நெஞ்சிலிருந்து ஏறி வரும். தொண்டையில் வைத்து யாரோ பிடித்து உள்ளே இழுத்துவிடுவார்கள்.

அதனால்தான் இலட்சுமி மச்சாளின் வாயை அவள் அப்படி வியந்து பார்ப்பாள். இலட்சுமி அக்கராயன்காரி, வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளும் ‘இல்லை’ என்ற சொல்லை எடுப்பதில்லை. ஆனால் எடுக்காமலே காரியத்தை முடித்துவிடுவாள். முல்லைத்தீவிலிருந்து நளீர் நானா சைக்கிளில் சீலை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். விரித்துக் காட்டும் ஒவ்வொரு சீலையையும் இலட்சுமி தடவிப் பார்த்து, கரையைப் புகழ்ந்து, “இது றம்லா அக்காவுக்கெண்டே நெய்தது நானா, கொண்டுபோய்க் குடுங்கோ” என்பாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்து, தன் பெண்சாதிக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு, விரித்த சீலைகளை மடித்துக்கொண்டு போவார். வேண்டாம் என்று மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொன்ன வீடுகளுக்கு அவர் அடுத்தமுறை போவதில்லை. இந்த வீட்டுக்கு மட்டும் வருவார்.

குசினியிலும் அப்படித்தான். உப்பு முடிந்தால் “உப்பு நிறைஞ்சிட்டுது” என்பாள். கலியாணம் முடித்த புதிதில் தவராசா, அரிசி நிறைந்துவிட்டது என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சந்தோசப்பட்டுப் படுத்து நித்திரை கொண்டுவிட்டான். மத்தியானம் வெறும் பானையைக் கண்ட பிறகுதான் சைக்கிளை எடுத்தான்.

அப்புத்துரைக்கு இருந்தது ஒரேயொரு சொல், ‘பாப்பம்’. மாடு கேட்டாலும் பாப்பம், மண்வெட்டி கேட்டாலும் பாப்பம். பாப்பம் என்றால் கிடையாது என்று ஊரே அறியும். ஆனால் அந்தச் சொல் ஒரே ஒரு ஆளிடம் பலிப்பதில்லை. அவர் கமலாசனி, அப்புத்துரையின் தமக்கை, இராசமலருக்கு மாமி. தாய் தகப்பன் இல்லாத தம்பியைச் சோறு தீத்தி வளர்த்தவர். மனதில் பட்டதைப் பட்டபடி சொல்லுவார். இல்லை என்றால் இல்லை, ஓம் என்றால் ஓம். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் வாசல் படலையில் நின்று கடைசிச் சொல்லைத் தான் சொன்ன பிறகுதான் நடப்பார்.

அந்த மாசி மாதம், வெட்டின நெற்கதிரைக் களத்தில் போட்டுச் சூடு மிதிக்கிற நேரம் பார்த்து மாமி யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன் சந்தியில் வந்து இறங்கினார். வந்த காரியத்தை அன்றைக்கே சொன்னார். மகள் ஜெகதீஸ்வரிக்கு இது நிறைமாதம். வீட்டில் கையாள் தேவை. தாயில்லாத பிள்ளை காட்டுக்குள் கிடந்து என்ன செய்யப் போகிறது, இனிமேல் தங்களோடேயே இருக்கட்டும்.

“பாப்பம் அக்கா” என்றார் அப்புத்துரை.

“என்னத்தைப் பாக்கிறது? பிள்ளையைக் கேள். என்ன பிள்ளை, வாறியோ?”

“ஓம் மாமி.”

அதோடு முடிந்தது. களவேலை முடிந்து ஒப்பேறுகிற நாள் பின்னேர பஸ்சுக்குப் புறப்படுவது என்று மாமி தீர்மானித்தார். இராசமலர் தன் சின்னத் தகரப் பெட்டியை எடுத்து உடுப்புகளை அடுக்கினாள். ஒருமுறை அவள் மாமி வீட்டில் போய் நின்றவள். நல்ல வீடு, ஆரும் அடிக்கவுமில்லை ஏசவுமில்லை. ஆனால் உயர்ந்த கிடுகு வேலிக்குள் விடிந்ததிலிருந்து கூப்பிடுவார்கள், ஓம் என்பாள். கூப்பிடுவார்கள், ஓம் என்பாள். இங்கே வாய்க்கால் ஓரத்தில் அவள் தானே கொத்தி வைத்த மிளகாய்க் கன்றுகள் பூத்திருந்தன. சிவப்புக் கிடாரி முதல்முறை சினைப்பட்டு நின்றது. அவற்றிடம் அவள் கதைப்பாள், நிறையக் கதைப்பாள்.

கொடியில் கிடந்த பாவாடையை மடித்துக்கொண்டிருந்தவளிடம் இலட்சுமி வந்து, போக விருப்பமோ என்று மெல்லக் கேட்டாள். பதில் கண்ணால்தான் வந்தது. இலட்சுமி பாவாடையின் மற்றத் தலைப்பைப் பிடித்து மடிக்கக் கைகொடுத்தாள். பிறகு, “நான் வாய் திறந்தா வந்த மருமகள் மறிச்சவள் எண்டு கதை போகும். கொப்பரும் பாப்பம் எண்டதுக்கு மேலை கதைக்க மாட்டார். நீதான் சொல்ல வேணும், மலர்” என்றாள்.

களம் கூடினால் வன்னியில் பேச்சே மாறிவிடும். சூடு மிதித்து, தூற்றி, நெல்லைச் சாக்கில் கட்டும்வரைக்கும் அந்த வட்டத்துக்குள் இல்லை என்று சொல்லக்கூடாது. குறைந்தது, முடிந்தது, காணும், போதும் என்பதெல்லாம் கூடாது. போறன் என்று சொல்லவே கூடாது. சொன்னால் நெல்லும் கூடவே போய்விடும். நெல் அங்கே நெல் அல்ல, பொலி. சாக்கு வேண்டுமென்றால் சாக்குப் பெருகட்டும் என்பார்கள். களத்தை விட்டு ஒருவர் போவதென்றால் காலிலும் உடுப்பிலும் ஒட்டிய மணிகளை உதறிவிட்டு, பேசாமல் நடந்துவிடுவார். ஏன் போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. குடியேற வந்தவர்கள் முதல் வருசம் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வருசம் தாங்களும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் காவல் ஏரம்பு அம்மான். கிழவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் களத்தில் ஒரு ‘இல்லை’ விழுந்தால் அடுத்த வரம்பிலிருந்தும் கேட்கும்.

களவேலை ஒப்பேறிய அந்த நாள் மாமி புறப்பட்ட கோலத்தோடு, குடையும் பையுமாகக் களத்துக்கே வந்துவிட்டார். பெண்ணை அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போவதாக எண்ணம். இராசமலரின் தகரப் பெட்டி களத்தின் ஓரத்து மருதமரத்தடியில் இருந்தது. மாமி பொலியைப் பார்த்தார்.

“என்ன தம்பி, போன வருசத்து அளவு இல்லைப் போலை கிடக்கு?”

தூற்றிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. அப்புத்துரையின் முகம் வெளுத்தது. ஏரம்பு மெதுவாக வந்து, கோபம் ஒன்றுமில்லாமல், விசயத்தை விளங்கப்படுத்தினார். வாய் தவறினவர் ஒரு கை நெல்லை அள்ளிப் பொலியில் போட்டு, ‘பொலி, பொலி’ என்று சொல்ல வேண்டும்.

மாமி குடையைச் சுருட்டுவார், தம்பியை நாலு கிழி கிழிப்பார் என்றுதான் இராசமலர் நினைத்தாள். மாமியோ செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். “பொலி, பொலி” என்று கோயிலில் நிற்பவர் மாதிரிச் சொல்லிப் போட்டார். பிறகு வைக்கல் கும்பியில் இருந்துகொண்டு ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார். தாகம் எடுத்தபோது நெடுநேரம் யோசித்து, “எனக்கொரு செம்பு தண்ணி... பெருகட்டும்” என்றார். ஏரம்பு தலைப்பாகைத் தொங்கலால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆயுள் முழுக்க இல்லை என்றே வாழ்ந்த மனுசி ஒரு பிடி நெல்லுக்காக நாக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறாவே என்று இராசமலருக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது. தண்ணீர்ச் செம்பை அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாமி குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். “பஸ்சுக்கு நேரமாச்சுப் பிள்ளை. இனி என்னோடைதானே இருப்பாய்? வாறியோ?”

எல்லோரும் பார்த்தார்கள். இலட்சுமி சுளகைக் கீழே வைத்தாள். இந்த வட்டத்துக்குள் ஓம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அப்போதுதான் இராசமலருக்கு ஒன்று உறைத்தது. தன் தொண்டையில் வராத அந்தச் சொல் இங்கே எவர் தொண்டையிலும் வரக்கூடாது. அப்பாவும் ஏரம்பு அம்மானும், மாமியும்கூட, இப்போது தன்னைப் போலத்தான். அது இல்லாமலே இத்தனை பேரும் காலையிலிருந்து கதைத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

“ஓம் மாமி, வாறன்” என்றாள். வழக்கமாக அங்கேயே நின்றுவிடும் வாய் இம்முறை நிற்கவில்லை. “ஜெகதீஸ்வரி மச்சாளுக்குப் பிள்ளை பிறக்கிற நேரம் வாறன். துடக்குக் கழியும் வரைக்கும் நிண்டு எல்லாம் பாக்கிறன். கிடாரி கண்டு போட்ட உடனை கடும்புப் பாலோடை வாறன். மிளகாய் காய வைச்சு மூட்டை கட்டிக்கொண்டு வாறன். ஒவ்வொரு வருசமும் வாறன் மாமி. ஒவ்வொருமுறையும் வந்து, திரும்பி இஞ்சை வாறன். இதுதான் என்ரை வீடு.”

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. ஏரம்பு மந்தக் காதைக் கையால் குவித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமான சொல்லுக்காகக் காத்திருக்கும் பார்வை.

அப்புத்துரை தொண்டையைச் செருமினார். “ஓம் அக்கா” என்றார். “பிள்ளை சொன்னபடி.”

மாமியின் வாய் திறந்தது. வரப்போவது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. காட்டில் கிடந்து காணப் போவது ஒன்றுமில்லை, நன்றி இல்லையோ, நான் வளர்த்த வளர்ப்பு இல்லையோ, எல்லாம் ‘இல்லை’யிலேயே வந்து முடியும் வசனங்கள். மாமி பொலியைப் பார்த்தார். தம்பியின் வருசம் முழுவதும் அங்கே குவிந்து கிடந்தது. திறந்த வாயை மூடினார்.

எழுந்தார். சீலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல உதறினார். ஒட்டியிருந்த மணிகள் களத்துக்குள் விழுந்தன. உள்ளங்காலைத் தடவி அங்கே இருந்த ஒன்றிரண்டையும் எடுத்துப் பொலியில் போட்டார். வெளியே போய்ச் செருப்பைக் கொளுவிக்கொண்டு குடையை விரித்தார்.

மருதமரத்தின் நிழல் நகர்ந்து தகரப் பெட்டி வெய்யிலில் கிடந்தது. மாமி அதனருகே ஒருகணம் நின்றார். குனிந்து பெட்டியை நிழலுக்குள் இழுத்து வைத்தார். பிறகு, எந்தப் படலையிலும் கடைசிச் சொல்லை விட்டுக்கொடுத்தறியாத மாமி, வரம்பில் ஏறி, பரந்தன் றோட்டுப் பக்கமாக ஒரு சொல்லும் சொல்லாமல் நடந்து போனார்.