கரண்டிச் சிலுவை

அப்பாவுக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே லோத்தர் அவருடைய அலமாரியைக் குடைய ஆரம்பித்துவிட்டான். காலையில் பாதிரியார் வந்து அவர் நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். அக்கா ஹெட்விக் கீழே காபி போட இறங்கும்போது, "அந்த இரும்புச் சிலுவைய எடுத்து வைடா. ஆல்பன் மாமா கேட்டுக்கிட்டே இருக்காரு, மெத்தையில தைக்கணுமாம்" என்றாள்.

அந்த ஜெர்மன் ஊரில் பழைய படைவீரன் செத்தால், அவன் வாங்கிய பதக்கத்தைக் கையில் ஏந்தும் சின்னக் கறுப்பு வெல்வெட் மெத்தையில் தைத்து, சவப்பெட்டிக்கு முன்னால் ஒருவர் ஏந்திப் போவார். அப்பா கிலியனுடையது முதல் உலகப் போரில், மீசை அரும்பும் வயதில் வாங்கிய சிலுவை. வருஷா வருஷம் அணிவகுப்பில் அதைக் குத்திக்கொண்டு நடந்தவர், மகனை மட்டும் கிட்டே பார்க்க விட்டதில்லை. "ஊரான் சிலுவையெல்லாம் பாரு, என்னோடத விடு" என்பார். லோத்தர் அதை அடக்கம் என்று நினைத்திருந்தான்.

அவனுக்குத் தொழிலே அதுதான். பழைய பதக்கங்களை வாங்கி விற்பான்; எந்தக் காலத்தது, அசலா போலியா என்று பார்த்துச் சொல்வான். நியூரன்பர்க் சந்தையில் அவன் மேஜைக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். போலி என்று பட்டால் பொருளைத் திருப்பித் தள்ளி, "கரண்டிய உருக்கி வார்த்தது" என்பான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கொண்டுவந்தவர் முகம் எப்படிப் போகிறது என்று அவன் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. பெரிய மனுஷனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

சிலுவை காலுறைகளுக்கு அடியில், ஒரு தகர டப்பாவில் இருந்தது. எடுத்ததும் கை தானாகத் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அசல் என்றால் கறுப்பு இரும்பை நடுவில் வைத்து வெள்ளிச் சட்டத்தால் கவ்வியிருப்பார்கள். ஓரத்தில் நகத்தை ஓட்டினால் இணைப்பு தட்டுப்படும். தட்டுப்படவில்லை. முழுசாக ஒரே வார்ப்பு, மேலே கறுப்புப் பூச்சு. சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும் காந்தத்தை அதன்மேல் வைத்தான். ஒட்டாமல் நழுவியது. மறுபடி வைத்தான். மறுபடி நழுவியது.

திரும்பினால், அப்பா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா... ஒட்டுதா?"

"ஒட்டுதுப்பா."

கிழவரின் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. சிரிப்பா வலியா என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

லோத்தருக்கு அழுகை வரவில்லை. அவமானம்தான் வந்தது. சாகக் கிடக்கும் மனுஷன் முன்னால் காந்தத்தை எடுத்தோமே என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று: இத்தனை வருஷம் ஊர் சல்யூட் அடித்தது ஒரு பொய்க்கு. அதுவும் யாருடைய அப்பா? லோத்தருடைய அப்பா! சந்தையில் தெரிந்தால் அவன் மேஜைப் பக்கம் ஒருத்தன் வருவானா?

"மாமா, மெத்தைய குடுங்க, நானே தைச்சிடறேன்" என்று ஆல்பனிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். காரில் இருந்த சரக்கிலிருந்து நல்ல அசல் சிலுவை ஒன்றைப் பொறுக்கி, துடைத்து, தைத்தான். அப்பாவுடையதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில், படைவீரர் சங்கத் தலைவர் ஆல்பன் மெத்தையைக் கையில் வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு லோத்தரைப் பார்த்தார். பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். கொடி பிடித்த கிழவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக் குசுகுசுத்துக்கொண்டார்கள். லோத்தர் தலையை நிமிர்த்தித்தான் நடந்தான். எவனாவது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத சாமான் அது.

எல்லாம் முடிந்து சத்திரத்தில் காபிக்கு உட்கார்ந்தபோது, கேக் தட்டுகளுக்கு நடுவே மெத்தையை வைத்துவிட்டு ஆல்பன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கிலியனோடது எங்கடா?"

"மெதுவா பேசுங்க மாமா." லோத்தர் குனிந்தான். "அது அசல் இல்ல. உங்களுக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது? அத வார்த்ததே நான்தான்டா."

லோத்தர் கரண்டியைக் கீழே வைத்தான்.

"ரெண்டாவது போர் முடிஞ்ச வருஷம் உங்கம்மாவுக்குப் பால் வத்திப் போச்சு. நீ கைக்குழந்தை, அழக்கூடத் தெம்பில்லாம கெடந்த. அமெரிக்க சிப்பாய் ஒருத்தன் ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட சிலுவை கேட்டுக்கிட்டு அலைஞ்சான். உங்கப்பன் தன்னோடதக் குடுத்துட்டு ஒரு பெட்டி டின் பால் தூக்கிட்டு வந்தான். பின்னால அணிவகுப்பு தொடங்கினப்ப, வெறும் நெஞ்சோட வர வெக்கமாயிருக்குன்னான். உங்க வீட்டு ஈயக் கரண்டிய உருக்கி, என் பட்டறையிலதான் ஊத்தினோம்."

"'என் சிலுவைய என் பையன் குடிச்சிட்டான்'னு சொல்வான்" என்றார் எதிரே இருந்த கிழவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து. "அதச் சொல்லாம ஒரு வருஷமாவது பீர் குடிச்சிருக்கானா?"

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சின்ன வயசுல, நீ மனசு கஷ்டப்படுவேன்னு உங்கப்பன் சொல்ல விடல. அப்புறம் நீ இந்தத் தொழிலுக்குப் போயிட்ட. 'அவன் கண்ணுல பட்டா குப்பையில போட்டுடுவான்'னு சிரிப்பான்." ஆல்பன் கொஞ்சம் நிறுத்தினார். "கேலிதான். ஆனா கொஞ்சம் பயமும் இருந்துச்சுடா அவனுக்கு."

லோத்தருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. ஒட்டாது என்று தெரிந்துதானே அப்பா கேட்டார்? ஒட்டலைப்பா என்று சொல்லியிருந்தால், மீதியை அவரே சொல்லியிருப்பார். சொல்ல இருந்த வாயை இவன்தான் அடைத்தான்.

ஆல்பன் பேனாக்கத்தியால் தையலை அறுத்து, அந்த அசல் சிலுவையை அவன் பக்கம் தள்ளினார்.

"இந்தா. இது எவனோட அப்பனோடதோ."

லோத்தர் அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டான். உள்ளே சாவிக்கொத்தின் காந்தத்தில் அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஆல்பனுக்கும் கேட்டிருக்கும். அதே பையில் கரண்டிச் சிலுவை விரலுக்குத் தனியாகத் தட்டுப்பட்டது. அதை வெளியே எடுத்து மெத்தைமேல் வைக்கத்தான் நினைத்தான். அப்பாவைத்தான் மண்ணில் மூடியாகிவிட்டதே, இனி வைத்து என்ன? கை வரவில்லை.

"அக்கா, உனக்கும் தெரியுமா?"

ஹெட்விக் காபிக் கெண்டியோடு அவன் பின்னால் நின்றிருந்தாள். "தெரியாம? அந்தப் பால உனக்கு ஊட்டினதே நான்தானே" என்றாள். அவன் கோப்பையில் காபியை ஊற்றிவிட்டு, மேஜையிலிருந்த சின்ன ஜாடியை எடுத்தாள்.

"பால் விடட்டுமாடா?"

லோத்தர் கோப்பையைக் கையால் மூடினான். அக்கா ஜாடியைச் சாய்த்துப் பிடித்தபடியே காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கையை எடுத்தான்.