ஒரு சாண் தாழ்ந்த ஆணி

பாண்டுரங்கன் அந்த வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி அடித்தது.

1991, ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமைக் காலை. சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டவர், என்னவோ நினைத்துக்கொண்டு அதைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். கூழ்ப்பானையைக் கழுவிக்கொண்டிருந்த சந்திரம்மாளுக்கு டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

"இன்னாய்யா, இன்னும் கெளம்பலியா?"

"ஒரு ஆணி அடிச்சுட்டுப் போறேன். வந்தவொடனே கயித்த மாட்டணும் இல்ல?"

"வராத கயித்துக்கு இப்பவே ஆணியா?" என்று எட்டிப் பார்த்தவள் கத்தினாள். "அய்ய, அம்மிக் குழவியாலயா அடிக்கிற! அரைக்கிற கல்லுன்னு எத்தினி தபா சொல்றது?"

"கல்லுக்கு ஒண்ணும் ஆவல மே. ஆணிக்குத்தான் தலை வளைஞ்சு பூடுச்சு."

சுவரில் வரிசையாக முப்பதுக்கு மேல் ஆணிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கயிறு தொங்கியது. புது ஆணி மட்டும் அந்த வரிசையில் சேராமல் ஒரு சாண் கீழே இருந்தது.

"இது ஏன் குள்ளமாக் கீது?"

"நீ குள்ளமாக் கீறயே, அதான். ஒவ்வொரு தபாவும் கூடையக் கவுத்துப் போட்டு ஏறி நிக்கிற. இனிமே ஏற வேணாம்."

"கண்ணாலம் ஆயி முப்பத்தெட்டு வருசம் கழிச்சுத்தான் என் ஒசரம் தெரிஞ்சுதாக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். அவர் போவதை அவள் நின்று பார்க்கவில்லை. பானையில் பாதி கழுவாமல் இருந்தது.

பாண்டுரங்கனுக்கு ஒன்றரைக் காணி நிலம் உண்டு என்றாலும் அவருக்குப் பிடித்த தொழில் மாடு வாங்கி விற்பதுதான். எலும்பும் தோலுமாக இருக்கிற மாட்டைச் சந்தையில் பொறுக்கி எடுப்பார். ஓட்டிக்கொண்டு வந்து ஐந்தாறு மாதம் தவிடும் கடலைக்கொடியும் போட்டுத் தேற்றுவார். பிறகு விற்பார். விற்கும்போது அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மற்றவர்கள் மாட்டின் பெருமையிலிருந்து ஆரம்பித்தால், இவர் குறையிலிருந்து ஆரம்பிப்பார். "எடது பக்கம் உக்காந்தா ஒதைக்கும். மழை வந்தா மடி சுருக்கிக்கும். ராவுல இருமும். இதெல்லாம் சரின்னா மேல பேசலாம்." வாங்க வந்தவன் குழம்பிப் போவான். இவ்வளவு குறையைச் சொல்கிற மனுஷன் வேறு எதையும் மறைத்திருக்க மாட்டான் என்று நம்பி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவான்.

எந்த விலைக்கு விற்றாலும் ஒன்றை மட்டும் அவர் விற்கமாட்டார். அது கழுத்துக் கயிறு. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் யாருமே கொடுக்கமாட்டார்கள். மாட்டை வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போகவேண்டும். விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டில் மாட்டிவைப்பான். கயிறு மாட்டோடு போனால் கொட்டகையில் இருக்கும் லட்சுமியும் கூடவே போய்விடும், அப்புறம் அங்கே மாடு தங்காது என்பது நம்பிக்கை.

கல்யாணமாகி வந்த புதிதில் சந்திரம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சைதாப்பேட்டைக்காரி. அவளுடைய அப்பாவுக்கு நெல் மில்லில் வேலை. பால் செம்பில் வரும், மாடு தெருவில் போகும். அவ்வளவுதான் அவளுக்கும் மாட்டுக்கும் இருந்த சம்பந்தம். 1953-ல், பாண்டுரங்கன் முதன்முதலாகத் தேற்றிய கிடாரியைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். விற்கத்தான் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சந்தையில் தரகரும் அவரும் துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசினார்கள். விலை படிந்தது. கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, விசில் அடிக்காத குறையாக வீடு வந்து சேர்ந்தார்.

வெறுங்கயிறு தோளில் தொங்க அவர் வருவதைப் பார்த்த சந்திரம்மாள், கிடாரி செத்துப்போனது என்று நினைத்தாள். ஆறு மாதம் அவள் கையால் தவிடு தின்ற கிடாரி. வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் ஓடிவந்தாள். யார் செத்தது என்று கேட்காமலேயே அவளும் சேர்ந்து ஒப்பாரி வைத்தாள். தெருவே கூடிவிட்டது. பாண்டுரங்கன் மடியிலிருந்து பணத்தை எடுத்துக் காட்டி, "செத்த மாட்டுக்கு எவன்டி எம்பத்தஞ்சு ரூவா குடுப்பான்?" என்று கேட்ட பிறகுதான் அழுகை நின்றது. செல்லம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "அதுக்கோசரம் நான் அழுததுக்கு ஒரு காப்பித்தண்ணியாவது குடுடீ" என்றாள்.

அந்தக் கயிறுதான் சுவரில் முதல் ஆணியில் தொங்கியது. அதற்குப் பிறகு, எந்த மாடு வந்தாலும் அதற்கான கயிற்றை அவர்கள் இரண்டு பேருமே திரித்தார்கள். கற்றாழை மடலை ஏரியில் ஊறப்போட்டு அடித்து, நாரைக் காயவைத்து, வேப்பமரத்தடியில் அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். அவள் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே பின்னால் நடப்பாள். வீட்டில் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற நாட்களிலும் கயிறு திரிக்க இரண்டு பேர் வேண்டும். "இழு", "தளத்து" என்றாவது பேசியாகவேண்டும். கயிறு முடிவதற்குள் சண்டையும் முடிந்திருக்கும். அவர் போடுகிற முடிச்சு மட்டும் அவளுக்குப் பிடிக்காது. ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி, உள்பக்கமாக வாங்கி இறுக்கிவிடுவார். அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது.

கடைசியாகத் திரித்தது சுட்டிக்கு. சுட்டி, நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும் பசு. மூட்டுவலி வந்த பிறகு பாண்டுரங்கன் இருந்த மாடுகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, சுட்டி ஒன்றை மட்டும் வைத்திருந்தார். அது ஏழு மாதச் சினை. மணிமங்கலத்திலிருந்து ராமன் என்ற பையன் அதைக் கேட்டு வந்தான். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவன். பொண்டாட்டி, கைக்குழந்தை. மாடு வாங்குவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. கயிறு கொண்டுவர வேண்டும் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம். தூறல் போட ஆரம்பித்தது. பாண்டுரங்கன் குறைகளைச் சொல்லி முடித்திருந்தார். பணமும் கைமாறிவிட்டது. மழை வலுப்பதற்குள் போய்ச் சேரட்டும் என்று ஒரு பிடி வைக்கோலோடு கயிற்றையும் ராமன் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். கொட்டகையைக் கூட்டப்போன சந்திரம்மாள்தான் முதலில் கவனித்தாள்.

"யோவ், கயிறு எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "பூடுச்சு போல."

"ஆயுசு பூரா ஊருக்கெல்லாம் சொன்னவன், கடைசி மாட்டுக்குக் கோட்ட வுட்டியா? நாளைக்கே போயி வாங்கிக்கினு வா. எனக்கு அந்தக் கயிறு வேணும்."

அதற்காகத்தான் வியாழக்கிழமை காலையில் ஆணி அடித்துவிட்டுச் சைக்கிளில் போனார்.

பத்தரை மணிக்குப் படப்பையில் சுப்பனுடைய சைக்கிள் கடையில், காற்றடிக்கச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காற்றடித்து முடித்த சுப்பன், "பெரியவரே, ஆச்சு" என்று இரண்டு தடவை கூப்பிட்டானாம். மதியம் வண்டியில் கொண்டுவந்தார்கள். சைக்கிளைச் சுப்பனே தள்ளிக்கொண்டு வந்து வேலியோரம் சாத்தினான். அழுதுகொண்டே சந்திரம்மாள் அதன் கேரியரைப் பார்த்தாள். கயிறு இல்லை.

போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். வழியில் யாரோடாவது உட்கார்ந்து பேசி நேரத்தைப் போக்குவது அவருடைய வழக்கம்தான். படப்பையைத் தாண்டியிருக்க மாட்டார். வெறும் கயிற்றுக்காக அவரை அனுப்பியது தான்தானே, அதைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லையே என்று அவள் மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மகள் சசிகலா வழியை மறித்தாள். "எங்கம்மா இந்த நெலையில? ஊரு இன்னா சொல்லும்?"

"ஊருக்கு நெறைய வேல கீது. நான் போயி அந்தக் கயித்த வாங்கிக்கினு வரேன். அது அவரும் நானும் திரிச்சது."

படப்பை வரை பஸ், அங்கிருந்து நடை. மணிமங்கலத்தில் ராமன் வீட்டைக் கண்டுபிடித்துப் படலுக்கு வெளியிலேயே நின்றாள். தாலி இறக்கின கழுத்தோடு, சினை மாடு இருக்கிற வீட்டுக்குள் எப்படிப் போவது?

ராமனின் மனைவி கனகம் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"சேரப்பணஞ்சேரிப் பெரிம்மாவா? ஏன் வெளிய நிக்கறீங்கோ? உள்ள வாங்கோ. விசயம் மறாநாளே கேள்விப்பட்டோம். இவரு ஓடியாந்தாரு, அதுக்குள்ள எடுத்துட்டாங்கோ. மொத நாளுதான் எங்க கையால மோர் வாங்கிக் குடிச்சுட்டுப் போனாரு, அதுக்குள்ளயான்னு..."

சந்திரம்மாள் படலைப் பிடித்துக்கொண்டாள். "இங்க வந்தாரா?"

"வந்தாரே! ஒம்போது மணி இருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

கனகம் குழந்தையை இறக்கிவிட்டு, அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, முழுவதையும் சொன்னாள். பாண்டுரங்கன் கையில் புது நைலான் கயிறோடு வந்தாராம். இவர்களிடம் வேறு கயிறு இருக்காது என்று படப்பையில் வாங்கியிருக்கிறார். பழைய கயிற்றை அவிழ்த்து நைலானைக் கட்டினார். சுட்டி முதல் நாள் ராத்திரியிலிருந்தே வைக்கோலைத் தொடவில்லை. நைலான் கழுத்தில் பட்டதும் தலையை உதறி, கத்திக் கூப்பாடு போட்டு, கட்டின முளையையே பிடுங்கப் பார்த்தது. அவர் படல் வரைக்கும் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"நைலான அவுத்துப் போட்டுட்டு, பழங்கயித்தயே கட்டினாரு. உடனே வைக்கோல்ல வாய வெச்சுது பெரிம்மா. வயித்துல புள்ளயோட கீறவ, அவ வாசனை அவகிட்டயே இருக்கட்டும்னாரு. 'உங்க வூட்ல கேப்பாங்களே'ன்னேன். 'கேப்பா, நல்லாவே கேப்பா. ரெண்டு நாளு கத்துவா. அப்பால அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்னு புதுசாத் திரிச்சுக்குவோம்'னு சிரிச்சாரு."

முற்றத்தில் பச்சை நைலான் கயிறு கொடியாகக் கட்டியிருந்தது. அதில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

அதற்குள் ராமன் கழனியிலிருந்து வந்து சேர்ந்தான். கயிற்றுக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் சொன்னான். "கட்டின கயித்தத் திருப்பிக் குடுக்க எங்களுக்கும் பயமாத்தான் கீது, பெரிம்மா. மாடு இன்னா ஆவுமோன்னு. ஆனா அது உங்க பொருளு. எடுத்துக்குங்கோ."

சந்திரம்மாள் சுட்டியிடம் போனாள். அது மோப்பம் பிடித்து அவள் முழங்கையை நக்கியது. கழுத்தில் அதே கயிறு. ஒரு சுற்று அதிகம், உள்பக்கமாக வாங்கி இறுக்கிய அதே முடிச்சு. பழக்கத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். அசையவில்லை.

"பாழாப்போன முடிச்சு" என்றாள். பதினாறு நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

"முடிச்சு வராது பெரிம்மா, நானும் பாத்தேன். அறுத்துத் தரட்டுமா?" ராமன் அரிவாளை எடுத்தான்.

"வெய்யி அத" என்று அதட்டினாள். "அவரு கட்டினது. அப்டியே இருக்கட்டும்." பிறகு, விற்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். "எடது பக்கம் உக்காந்து கறக்காதே, ஒதைக்கும். சொன்னாரா?"

"சொன்னாரு."

"மழையில மடி சுருக்கும்."

"அதுவும் சொன்னாரு."

"அப்ப சரி" என்றாள். கனகம் கொடுத்த மோரைக் குடித்தாள். அவர் குடித்த சொம்பு அதுதானா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

புரட்டாசியில் கனகம் ஒரு தூக்கு நிறையச் சீம்பால் எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கு வந்தாள். கிடாரிக் கன்று. அதற்கும் நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சந்திரம்மாள் வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு வேகவைத்து, செல்லம்மாளுக்கு ஒரு கிண்ணம் அனுப்பினாள். 1953-ல் அழுததற்குக் காப்பித்தண்ணி கொடுத்தாளா இல்லையா என்பதில் இரண்டு பேருக்கும் இன்னும் வழக்கு இருந்தது.

ஊர் நம்பிக்கை சொன்னபடியே அந்தக் கொட்டகையில் அப்புறம் மாடு தங்கவில்லை. வாங்கினால்தானே தங்குவதற்கு. விறகும் பழைய சாமானும் அங்கே வந்து சேர்ந்தன. சுவரில் கயிறுகள் தொங்குகின்றன. அவற்றுக்கு ஒரு சாண் கீழே, தலை வளைந்த அந்த ஆணி, ஒன்றும் மாட்டாமல், சந்திரம்மாளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.