நூறாவது அடி

எஞ்சினின் துடிப்பில் தவறிப்போகிற அடி வீணாவதில்லை. அது எங்கேயாவது ஒரு வீட்டில் போய் விழும். பெரும்பாலும் மாட்டுக்கொட்டகையிலோ பூட்டிக் கிடக்கும் அறையிலோ விழுவதால் யாரும் தேடி வருவதில்லை. அப்படி யாராவது வந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு நாளில் எஞ்சினைச் சரிசெய்துவிட வேண்டும். சின்னமனூரில் பட்டறை வைத்திருக்கிற எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கிறோம். பதினெட்டு வருடத்தில் என்னைத் தேடி மூன்று பேர் வந்திருக்கிறார்கள். மூன்றாவதாக வந்தவர் குருலிங்கம்.

அவர் வந்தது போதுமணி அக்காவின் மினி டிராக்டர் விஷயமாக. அக்காவுக்கு ஊருக்கு மேற்கே மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பந்தலுக்கு அடியில் வரிசைக்கு வரிசை புகுந்து போகிற சின்ன வண்டி அது. ஒற்றை சிலிண்டர். வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஓடி எஞ்சின் இறுகிப்போய், இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். பிரித்து, லைனர், பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஆனால் மிஸ்ஸிங் இருந்தது. நூறு அடிக்கு ஒன்றை விட்டது. பன்னிரண்டு நொடிக்கு ஒரு தரம் வண்டி மூச்சு வாங்கி, உடம்பைக் குலுக்கி, மறுபடி ஓடியது.

டீசலில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வால்வு இடைவெளியை மூன்று முறை அளந்தேன். டீசல் பீச்சுகிற நாசிலைக் கழற்றிச் சோதித்தேன், பனி மாதிரி பீச்சியது. பம்ப்பைக் கழற்றி மாட்டினேன். எல்லாமே சரியாக இருந்தது. நூறாவது அடி மட்டும் இல்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நான்கு நாள் போயிற்று. அந்த நான்கு நாளும் பட்டறையில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. டீயை நடந்துகொண்டே குடித்தேன். எஞ்சினை நிறுத்தின பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தேன். தொண்ணூற்றெட்டு வரும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன்.

போதுமணி அக்காவும் அப்படித்தான் இருந்தார். கொடிகளை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்து துளிர் விட்டிருந்தது. மழைக்கு முன்னால் மருந்து அடித்தாக வேண்டும். மருந்து அடிக்கிற மெஷின் டிராக்டரின் இழுப்பில்தான் ஓடும். எஞ்சின் ஓர் அடியை விட்டால் மருந்து கண் சிமிட்டும் நேரம் நிற்கும், அந்த இடத்தில் நிற்கிற கொடிக்கு எதுவும் கிடைக்காது. நோய் அந்த ஒரு கொடி வழியாகத்தான் தோட்டத்துக்குள் வரும். சனிக்கிழமையிலிருந்தே மேற்கு மலை மேல் மேகம் வந்து உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை வண்டி வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, தினமும் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் குருலிங்கம் வந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை. அருப்புக்கோட்டையிலிருந்து வருவதாகவும், தேனியிலும் போடியிலும் ஐந்து பட்டறை பார்த்துவிட்டு இங்கே வந்ததாகவும் சொன்னார். பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வாசித்தார். வியாழன் காலை பத்து ஒன்பதிலிருந்து பதினொன்று நாற்பது வரை. மாலை நான்கு இருபதிலிருந்து ஐந்து வரை. வெள்ளிக்கிழமை, எட்டு ஐம்பது. எஞ்சினை ஓடவிட்ட நேரத்தை நான் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பது வழக்கம். ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லாமல் ஒத்துப்போனது.

உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். புதன்கிழமைக்குள் சரிசெய்துவிடுகிறேன், சிரமத்துக்கு மன்னிக்கணும் என்றேன்.

அவர் டீயைத் தொடவில்லை.

"சரி பண்ணிராதீங்க தம்பி. அதச் சொல்லத்தான் வந்தேன்."

பிறகு நிதானமாகச் சொன்னார். அவர் இரண்டு விசைத்தறி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவி சௌடம்மா பக்கவாதத்தில் படுத்த பிறகு தறிகளை விட்டுவிட்டார். வலது கையும் காலும் போய், பேச்சும் போய், ஒரு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. வியாழக்கிழமை அந்த அம்மாவின் கட்டிலுக்கு அடியில் டப் என்று ஒரு சத்தம் விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தறி என்று நினைத்திருக்கிறார். பன்னிரண்டு நொடி கழித்து மறுபடியும் ஒன்று. அந்த டப்புக்கு சௌடம்மாவின் வலது கை போர்வை மேல் துள்ளியிருக்கிறது. முதல் நாள் கட்டைவிரல் மட்டும். சனிக்கிழமை, கை முழுவதும் நான்கு விரற்கடை உயரம் எழும்பியது. சத்தம் நின்றால் கை பழையபடி கிடந்துவிடுகிறது.

"டாக்டருட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். எந்த ஊர் எஞ்சின்னு கேட்டாரு. தெரியலன்னேன். விசாரிச்சுட்டு வாங்கன்னாரு."

வண்டி என்னுடையது இல்லை என்றும், அதன் சொந்தக்காரரிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். பதினோரு மணிக்குப் போதுமணி அக்கா வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் குருலிங்கத்தைப் பார்த்து, கட்டில் ஜன்னல் ஓரமாக இருக்கிறதா, சுவர் ஓரமாகவா என்று கேட்டார். ஜன்னல் ஓரம் என்றார் அவர். அந்த அம்மாவுக்குச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது, அடி விழப்போகிறது என்றால் முன்கூட்டியே தன் கையைப் பார்க்கிறாள் என்று அவர் சொன்னார்.

அக்கா டிராக்டரிடம் போய் அதன் மட்கார்டில் கை வைத்தார். நான் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

"என் கொடியும் படுத்துரும்ணே," என்றார் அக்கா. "ஒம்பது வருசக் கொடி."

குருலிங்கம் தலையாட்டினார். வாதாடுகிற மனிதர் இல்லை அவர். நோட்டைப் பைக்குள் வைத்தார். வெளியே எடுத்தார். மறுபடியும் வைத்தார். டீ ஆறிப்போய் ஏடு படிந்துவிட்டது. வெளியே வெயில் மங்கி, பட்டறைக்குள் திடீரென்று சாயங்காலம் மாதிரி ஆகி, மறுபடியும் வெளிச்சம் வந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் மலைப்பக்கம் பார்த்தோம்.

அக்காதான் முதலில் பேசினார். என்னிடம் கேட்டார்.

"தம்பி, இத இன்னும் கெடுக்க முடியுமா?"

"சரி பண்ணத்தான் நாலு நாளா முடியல. கெடுக்குறதுக்கு அரை மணி நேரம் போதும்."

"அப்ப நாளைக்கு முழுசும் எடுத்துக்க. எவ்வளவு கெடுக்க முடியுமோ கெடு. எத்தன அடி போகுமோ அவுக வீட்டுக்கே போகட்டும். புதன்கிழமை எனக்கு வண்டி வேணும்."

குருலிங்கம் என் போன் நம்பரை நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டு மதிய பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு டிராக்டரின் மட்கார்டு மேல் வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன். நிறுத்தி, முதலில் பம்ப்புக்கு அடியில் இருந்த மெல்லிய தகடு ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். ஐம்பது அடிக்கு ஒன்று விட்டது.

"மணிக்கட்டு தூக்குது தம்பி," என்றார் குருலிங்கம்.

வால்வு இடைவெளியைக் கூட்டினேன். இருபதுக்கு ஒன்று.

"முழங்கை மடங்குது."

டீசல் குழாயின் நட்டைக் கால் திருப்பு தளர்த்தினேன். நான்குக்கு ஒன்று விட ஆரம்பித்தது. வண்டி நின்ற இடத்திலேயே குதித்தது. ஸ்பேனர்கள் மேசையிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. எதிர்த்த டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களை எடுத்துத் தரையில் அடுக்கினார். போனில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது.

"கொஞ்சம் கொறைங்க தம்பி. கட்டில் நகருது."

அரைக்கால் திருப்பு இறுக்கினேன்.

"இப்ப?"

"இப்ப சரி. இதுலயே நிக்கட்டும்."

அதிலேயே நிறுத்திவைப்பது லேசான காரியம் இல்லை. அதிர்வில் நட்டுகள் தாமாகக் கழன்றன. நான் ஒரு கையில் ஸ்பேனரோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தேன். கரும்புகை பட்டறையை நிறைத்தது. அக்கா கேனில் டீசல் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றிவிட்டுத் தெருவுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். உள்ளே வந்து போனைப் பார்த்தார். மறுபடியும் தெருவுக்குப் போனார். மேகம் மலையிலிருந்து இறங்கி, அடிவாரத் தென்னைகளைத் தொட்டிருந்தது. மதியம் இருவரும் சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்கு மேல் குருலிங்கம் பேசுவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. போனை எடுத்துக் காதில் வைத்தேன். அந்த வீட்டில் அடி விழுகிற சத்தம் மட்டும் வந்தது. இங்கே எஞ்சின் விட்ட அடி அங்கே விழுந்தது. இரண்டு காதிலும் சேர்த்துக் கேட்டபோது ஒரு குறையும் இல்லாமல் வண்டி ஓடியது. நான்கு நாளாக நான் தேடிய ஓட்டம் அதுதான். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அக்காவைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அப்போதுதான் போனில் ஒரு பெண் குரல் வந்தது. வெகு நாளாகத் திறக்காத கதவைத் திறக்கிற மாதிரி கரகரப்பான குரல். அக்கா போனை மறுபடியும் ஸ்பீக்கரில் போட்டார்.

"அத... நிறுத்தச் சொல்லுங்க."

போனில் கட்டில் கிரீச்சிட்டது.

"காலையிலேர்ந்து," என்றது அந்தக் குரல். "தலவலி."

அக்கா எட்டி, எஞ்சினை நிறுத்துகிற கம்பியை இழுத்தார். எஞ்சின் இரண்டு குலுங்கு குலுங்கி நின்றது. தெரு முழுவதும் அமைதியாகிவிட்டது. போனில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நாங்கள் காத்திருந்தோம். சத்தம் நின்றுவிட்டது, இனி கை விழுந்துவிடும் என்று நான் நினைத்தேன். அக்காவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கை மேலதான் இருக்கு," என்றார் குருலிங்கம்.

"எவ்வளவு மேல?" என்று அக்கா கேட்டார்.

"ஜன்னல் கம்பியப் புடிச்சிருக்கா. விட மாட்டேங்குறா."

அத்துடன் போன் நின்றுவிட்டது. அக்கா ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் இருந்த புகைக்கரி இன்னும் பரவிற்று. பிறகு எழுந்து, "நாளைக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலையில் தகட்டைப் பழைய இடத்தில் வைத்தேன். வால்வுக்கு அதே இடைவெளி, குழாய்க்கு அதே இறுக்கம். புதிதாக எதையும் செய்யவில்லை. கிளப்பினதும் சீராக ஓடியது. ஆயிரம் வரை எண்ணினேன். பிறகு இன்னொரு ஆயிரம். ஒன்றுகூட விடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அக்கா தோட்டத்தில் மருந்து அடிக்க ஆரம்பித்தார். நான்கு மணிக்கு மழை வந்துவிட்டது. கடைசி இரண்டு வரிசை பாக்கி. ஒன்றை மழையோடு மழையாக அடித்தார், பிரயோஜனம் இல்லை. அந்த இரண்டு வரிசையும் இனி போனதுதான். மற்றதெல்லாம் தப்பியது. அக்கா என்னிடம் போனில் சொல்லும்போது, போனதை முதலில் சொல்லிவிட்டு தப்பியதைப் பிறகு சொன்னார். அருப்புக்கோட்டையிலிருந்து ஏதாவது செய்தி உண்டா என்றும் கேட்டார். அந்த அம்மா காலையில் தன் கையாலேயே தலை வாரிக்கொண்டாராம் என்று சொன்னேன். வகிடு கோணல் என்று குருலிங்கம் சொன்னதையும் சொன்னேன். அக்கா முதல்முறையாகச் சிரித்தார்.

ஆறு மணிக்கு மழை விட்டது. பட்டறையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் என் செருப்பு கிடந்தது. காலில் போட்டிருந்த செருப்பை அதன் பக்கத்தில் விட்டேன். உள்ளே நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் பட்டறையில் நான் உட்காராமல் தவறவிட்டதெல்லாம் இங்கே வந்து விழுந்திருந்தது போல. சம்மணம் போட்டு, அவசரமே இல்லாமல் ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தார் அவர். அவர் நான்கு மணிக்கே வந்துவிட்டதாகவும், பசி என்று சொன்னதாகவும் என் மனைவி நாகஜோதி சொன்னாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் பாயில் சற்றுத் தள்ளி இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

நாகஜோதி இன்னொரு தட்டு எடுத்து வந்து, நாளைக்குப் பட்டறையை யார் திறக்கிறது என்று கேட்டாள். அவர் வாயில் சோறு இருந்ததால் பேசாமல் என்னைக் காட்டினார்.

சரி என்று சொல்லிவிட்டு, அப்பளம் கேட்டேன்.